உப்புக்காற்று அடிக்கும் வீட்டுக்கு ஏ.சி. பொருத்த யாரை நம்புவது?

கேள்வி: மணவாளக்குறிச்சிக்குப் பக்கத்தில், கடலில் இருந்து அரை கிலோமீட்டர் தூரத்தில் மாடி வீடு கட்டிக்கொண்டிருக்கிறோம். கணவர் குவைத்தில் இருப்பதால் எல்லாவற்றையும் நானே பார்த்துக்கொள்கிறேன். உட்பூச்சு இன்னும் தொடங்கவில்லை. கீழே ஒன்று, மாடியில் இரண்டு என்று மூன்று படுக்கையறைகளுக்கு ஏ.சி. வேண்டும். மூட்டுவலிக்காரரான மாமியாருக்குச் சுடுநீர் வசதியும் வேண்டும். மூன்று பேரிடம் விலை கேட்டேன். முதலாமவர் எங்கள் குடும்பத்துக்குப் பழக்கமான எலக்ட்ரீஷியன். வீட்டுக்கு வராமலே, "எல்லா அறைக்கும் 2 டன் போட்டுவிடலாம், சீக்கிரம் குளிரும்" என்று வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பினார். இரண்டாவது ஒரு பெரிய கடை. பொருத்துவது இலவசம் என்கிறார்கள். மழைக்காலத்துக்கு உதவும் என்று சூடான காற்றும் தரக்கூடிய மாடலை வாங்கச் சொல்கிறார்கள். மூன்றாமவர் துபாயில் பல வருடம் ஏ.சி. வேலை பார்த்துத் திரும்பியவர். நேரில் வந்து டேப் பிடித்து அளந்தார். ஆனால் மொத்தத்தில் மற்றவர்களைவிட 18,000 ரூபாய் அதிகம் கேட்கிறார். பில் வேண்டாம் என்றால் கொஞ்சம் குறைப்பாராம். பழைய வீட்டில் போட்ட ஏ.சி. மூன்றே வருடத்தில் கேஸ் ஒழுகி வீணானது. அதனால் பயமாக இருக்கிறது. யாரிடம் கொடுக்கலாம்?

— ஒரு வாசகி, மணவாளக்குறிச்சி

பதில்: அன்புள்ள சகோதரி,

உங்கள் கடிதத்தைப் படித்ததும் என் கண் போய் நின்ற இடம் "டேப் பிடித்து அளந்தார்" என்ற வரி. முப்பது வருடங்களுக்கு மேலாக இந்த மாவட்டத்தில் ஏ.சி. பொருத்தியும் பழுதுபார்த்தும் வருகிறேன். வீட்டைப் பார்க்காமல் விலை சொன்னவர் செய்த வேலை நன்றாக அமைந்ததை நான் மிக அரிதாகத்தான் கண்டிருக்கிறேன். ஆகவே முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: மூன்றாமவரிடம் கொடுங்கள். ஆனால் பில் இல்லாமல் கொடுக்காதீர்கள். அவர் செய்யப்போகும் வேலையை ஒவ்வொன்றாக எழுதி வாங்காமலும் கொடுக்காதீர்கள். எதையெல்லாம் எழுதி வாங்க வேண்டும், ஏன் என்பதைத்தான் இனிச் சொல்லப்போகிறேன்.

முதலில் அந்த 2 டன் யோசனையைத் தள்ளிவையுங்கள். ஏ.சி.யில் டன் என்பது பெட்டியின் எடை இல்லை. ஒரு டன் பனிக்கட்டி 24 மணி நேரத்தில் உருகும்போது எவ்வளவு வெப்பத்தை இழுத்துக்கொள்ளுமோ, அவ்வளவு வெப்பத்தை அறையில் இருந்து வெளியேற்றும் திறன் அது. கணக்கில் மணிக்கு 12,000 பி.டி.யூ. (வெப்பத்தை அளக்கும் ஓர் அலகு), அதாவது சுமார் 3.5 கிலோவாட். பெரிதாகப் போட்டால் நல்லதுதானே என்று பலர் நினைக்கிறார்கள். வெயில் கொளுத்தினாலும் காற்று வறண்டிருக்கும் ஊரில் அதனால் பெரிய கெடுதல் இல்லை. நம் ஊர் அப்படிப்பட்டது இல்லையே. தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டும் நமக்கு உண்டு. மீதி நாட்களிலும் கடல் காற்றில் ஈரம் இருந்துகொண்டே இருக்கும். இங்கே நம்மைப் புழுங்க வைப்பது வெயிலைவிட ஈரம்தான். அறையின் அளவுக்கு மிஞ்சிய ஏ.சி. காற்றைச் சட்டென்று குளிர வைத்துவிட்டு ஓய்ந்துவிடும். ஈரத்தை உறிஞ்ச அதற்கு நேரமே கிடைக்காது. உடம்பு சில்லென்று இருக்கும், படுக்கை விரிப்போ நசநசவென்று இருக்கும்.

தக்கலைக்கு அருகே ஒரு வீட்டில் இதை நேரில் பார்த்தேன். சின்ன அறை, 2 டன் ஏ.சி. வீட்டுக்காரர் என்னைக் கூப்பிட்டது ஏ.சி.க்காகவே இல்லை, "அலமாரியில் வைத்த துணியெல்லாம் பூஞ்சை பிடிக்கிறது, சுவரில் கசிவு இருக்கிறதா பாருங்கள்" என்றுதான். கசிவு எங்கும் இல்லை. அலமாரியின் பின்பலகையைத் தொட்டால் விரலில் ஈரம் ஒட்டியது. இயந்திரத்தின் அருகே நின்று கவனித்தேன். ஓடுவதும் நிற்பதுமாகவே இருந்தது. 1 டன்னுக்கு மாற்றிய பிறகு, தண்ணீர் வடியும் பைப்பில் இருந்து வாளியில் விழும் சொட்டு நிற்கவே இல்லை. அவ்வளவு ஈரமும் அதுவரை அந்த அறையிலேதான் தங்கியிருந்தது.

உங்கள் அறைகளின் அளவை நீங்கள் எழுதவில்லை. பொதுவாகச் சொன்னால், கீழ்த்தளத்தில் 12-க்கு 12 அடி அறைக்கு 1 டன் போதும். மாடியில் கான்கிரீட் கூரையும் மேற்குச் சுவரும் நாள் முழுதும் வெயில் வாங்கினால் அதே அறைக்கு 1.5 டன் தேவைப்படலாம். இதை முடிவுசெய்ய, வருகிறவர் சில கேள்விகளைக் கேட்டாக வேண்டும். எந்தச் சுவரில் மாலை வெயில் விழுகிறது, ஜன்னல் கண்ணாடி எவ்வளவு அகலம், மொட்டைமாடியில் என்ன போடப்போகிறீர்கள், எத்தனை பேர் படுப்பீர்கள். மூன்றாமவர் இவற்றைக் கேட்டாரா என்று யோசித்துப் பாருங்கள். கேட்டிருந்தால் அந்த 18,000 ரூபாயில் ஒரு பகுதிக்கு அப்போதே கணக்குத் தெரிந்துவிடுகிறது. மொட்டைமாடிக்கு வெள்ளைப் பூச்சோ, வெப்பம் தடுக்கும் வெள்ளை ஓடோ போடும் எண்ணம் இருந்தால் ஏ.சி. வாங்கும் முன்பே போட்டுவிடுங்கள். மாடிக்கும் சின்ன ஏ.சி.யே போதுமானதாகிவிடும் வாய்ப்பு இருக்கிறது.

அடுத்தது உப்பு. உங்கள் பழைய ஏ.சி. மூன்று வருடத்தில் போனதற்கு நான் அதைத்தான் முதலில் சந்தேகப்படுகிறேன். வெளியே வைக்கும் பெட்டியின் உள்ளே செம்புக் குழாயைச் சுற்றி மெல்லிய அலுமினியத் தகடுகள் நெருக்கமாக அடுக்கப்பட்டிருக்கும். இரு வேறு உலோகங்கள் உப்பு ஈரத்தில் ஒன்றை ஒன்று தொட்டுக்கொண்டிருந்தால் அவற்றில் ஒன்று அரிபடும். இங்கே அரிபடுவது அலுமினியம். குளச்சலில் கடலைப் பார்த்த சுவரில் மாட்டியிருந்த ஒரு பெட்டியைத் திறந்தபோது, தகடுகள் வெள்ளைப் பொடி பூத்து நின்றன. விரல் வைத்ததும் முருங்கைக் கம்பில் காய்ந்த இலை உதிர்வதுபோல உதிர்ந்தன. கேஸை அழுத்திச் சுற்ற வைக்கும் கம்ப்ரசர் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் வெப்பத்தை வெளியே விடுவதற்குத் தகடே இல்லாமல் அது மூச்சுத் திணறி ஓடிக்கொண்டிருந்தது.

அப்போது எனக்கு என் பழைய வேலை ஒன்று நினைவுக்கு வந்தது. தொழிலுக்கு வந்த புதிதில் முட்டத்தில் ஒரு வீட்டுக்கு, கடையில் கிடைத்த சாதாரண இரும்பு ஸ்டாண்டில் பெயின்ட் அடித்து மாட்டிவிட்டு வந்தேன். நான்கு வருடம் கழித்துப் போனால் ஒரு பக்க ஸ்டாண்டு துருவாகக் கொட்டிப்போய், பெட்டி செம்புக் குழாயின் பிடியில் சாய்ந்து தொங்கிக்கொண்டிருந்தது. அதன் நேர் கீழே பிள்ளைகள் விளையாடும் முற்றம். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. கடற்கரையோர வீடு என்றால் ஸ்டாண்டைப் பற்றி நான் இவ்வளவு பிடிவாதமாகப் பேசுவது அதனால்தான்.

உங்கள் கரை அரபிக்கடலைப் பார்த்தது. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்கில் இருந்து அடிக்கும் காற்று உப்பைச் சுமந்து நேராக வீட்டுக்கு வருகிறது. ஆகவே வெளிப்பெட்டிகள் வடகிழக்குப் பக்கச் சுவரில், வீடே கடலுக்கு மறைப்பாக நிற்கும் இடத்தில் இருக்கட்டும். குழாய் சில மீட்டர் கூடும், செலவும் கூடும். அந்தச் செலவைச் செய்யத் தயங்காதீர்கள். அதற்காகச் சுவருக்கும் கூரைக்கும் நடுவே நெருக்கிவைத்துவிடவும் கூடாது. பெட்டி வெளியே தள்ளும் சூடான காற்று தடையின்றிப் போக வேண்டும். ஸ்டாண்டு துத்தநாகம் நன்றாக முக்கி எடுத்ததாகவோ துருப்பிடிக்காத எஃகாகவோ இருக்க வேண்டும். போல்ட், நட்டு எல்லாம் துருப்பிடிக்காத எஃகுதான். பெட்டிக்குள் இருக்கும் குழாய்ச் சுருள் (காயில்) செம்பாக இருக்கட்டும், தகட்டின் மேல் அரிப்பைத் தடுக்கும் பூச்சு இருக்கட்டும். நீல நிறப் பூச்சு என்று விளம்பரத்தில் பார்த்திருப்பீர்கள். பூச்சு அரிப்பைத் தள்ளிப்போடும்; தடுத்து நிறுத்திவிடாது. உத்தரவாத அட்டையின் பொடி எழுத்தையும் படியுங்கள். பல நிறுவனங்கள் உப்புக்காற்றால் வரும் அரிப்பை உத்தரவாதத்தில் சேர்ப்பதில்லை.

காற்றுக் காலத்தில் மாதம் ஒரு தடவை, மின்சாரத்தை நிறுத்திவிட்டு, வெளிப்பெட்டியின் தகடுகளை மெதுவான தண்ணீரால் கழுவுங்கள். இதை யாரும் சொல்லித்தருவதில்லை என்பதில் எனக்கு மிகுந்த வருத்தம். கழுவுகிற தண்ணீர் நல்ல தண்ணீராக இருக்க வேண்டும். கடலோரத்தில் பல வீட்டு போர்வெல் தண்ணீரே உப்பாக இருக்கிறது. அதை ஊற்றினால் கழுவாமல் இருப்பதே மேல். குடிநீர்க் குழாயில் இருந்து ஒரு வாளி பிடித்துவைத்துப் பயன்படுத்துங்கள்.

மாவட்டத்தின் மற்ற பகுதிகளில் இருப்பவர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் இரண்டு வார்த்தை. ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம் இருப்பவர்களுக்குக் காற்றின் வேகமே பிரச்சினை. காற்றாலை நிற்கிற ஊரில், அடிக்கும் காற்றுக்கு எதிர்முகமாக வெளிப்பெட்டியை வைத்தால் அதன் விசிறி காற்றோடு மல்லுக்கட்டியே தேய்ந்துபோகும். குலசேகரம், அருமனை பக்கம் ரப்பர் ஷீட் அடிக்கிற வீடுகளில், பாலை உறைய வைக்கும் ஃபார்மிக் அமிலத்தின் ஆவி செம்பை நுண்ணிய துளைகளாக அரிக்கக்கூடியது. அந்தக் கொட்டகையை ஒட்டி ஏ.சி. பெட்டியை வைக்காதீர்கள்.

இனி, ஒப்பந்தக்காரரை எடைபோட நான் வைத்திருக்கும் இரண்டு கேள்விகள். இரண்டையும் சாதாரணமாகப் பேசிக்கொண்டிருக்கும்போது கேளுங்கள்.

ஒன்று: "வருடத்துக்கு ஒரு தடவை கேஸ் நிரப்ப வேண்டியிருக்குமா?" ஆமாம் என்று சொல்கிறவரை அங்கேயே விட்டுவிடுங்கள். ஏ.சி.யில் உள்ள கேஸ் பெட்ரோல்போல எரிந்து தீர்வதில்லை. மூடிய குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வருகிறது. குறைந்திருக்கிறது என்றால் எங்கோ ஒழுகுகிறது. ஒழுகும் இடத்தைத் தேடாமல் வருடா வருடம் நிரப்பிக் காசு வாங்குகிறவரால் உங்களுக்கு எந்தப் பயனும் இல்லை. உங்கள் பழைய ஏ.சி.க்கு எத்தனை தடவை கேஸ் நிரப்பினார்கள் என்று நினைத்துப் பாருங்கள்.

இரண்டு: "வேக்குவம் எவ்வளவு நேரம் போடுவீர்கள்?" இதைக் கேட்டதும் ஒருவர் முகத்தில் தெரிகிற மாற்றத்தைப் பார்த்தே அவர் வேலையைச் சொல்லிவிடலாம். விளக்குகிறேன். உள்பெட்டியையும் வெளிப்பெட்டியையும் செம்புக் குழாயால் இணைத்த பிறகு, அந்தக் குழாய்க்குள் நம் ஊர்க் காற்று நிற்கிறது. காற்று என்றால் ஈரமும்தான். இரண்டையும் பம்பால் உறிஞ்சி வெளியே எடுப்பதுதான் வேக்குவம். இப்போது வரும் ஆர்-32, ஆர்-410ஏ கேஸ் இயந்திரங்களின் கம்ப்ரசரில் ஊற்றியிருக்கும் எண்ணெய் ஈரத்தை இழுத்துக்கொள்ளும் குணம் உள்ளது. ஈரம் சேர்ந்தால் அமிலம் உண்டாகும். அமிலம் கம்ப்ரசரின் உள்ளே சுருளைத் தின்னத் தொடங்கும். முதல் நாள் எதுவும் தெரியாது. அறை நன்றாகவே குளிரும். வீட்டுக்காரர் பணத்தைக் கொடுத்துவிடுவார். பலன் இரண்டு மூன்று வருடம் கழித்துத்தான் தெரியும், அப்போது பழி ஏ.சி. நிறுவனத்தின் மேல் விழும்.

ஒழுங்கான வேலை எப்படி இருக்கும் என்று சொல்கிறேன், நீங்கள் நாற்காலி போட்டு அருகிலேயே உட்கார்ந்து பாருங்கள். குழாயை வெட்டியதும் வெட்டிய விளிம்பில் உள்ள பிசிறை உள்ளே விழாதபடி வாயைக் கீழ்நோக்கிப் பிடித்துச் சுரண்டுவார். நட்டை முதலில் குழாயில் கோத்துவிட்டு, முனையைப் பூப்போல விரிப்பார். விரித்த விளிம்பு வழவழவென்று, ஒரு கீறலும் இல்லாமல் இருக்க வேண்டும். கீறல் தெரிந்தால் நல்ல தொழிலாளி தானாகவே வெட்டி மறுபடி விரிப்பார். இணைத்த பிறகு நைட்ரஜன் செலுத்தி அழுத்தம் ஏற்றி, இணைப்புகளில் சோப்பு நுரை தடவிக் குமிழி வருகிறதா என்று பார்ப்பார். அதன் பிறகு வேக்குவம் பம்பை மாட்டி, குறைந்தது இருபது முப்பது நிமிடம் ஓடவிடுவார். மழைக்காலம் என்றால் இன்னும் அதிக நேரம். பம்பை நிறுத்தியதும் அளவுமானியின் முள் ஏறாமல் நிற்கிறதா என்று சில நிமிடம் காத்திருப்பார். மின்னணு மானி வைத்திருப்பவர் என்றால் 500 மைக்ரானுக்கு (வேக்குவத்தை அளக்கும் அலகு) கீழே இறக்கிக் காட்டுவார். இவ்வளவும் முடிந்த பிறகுதான் கேஸ் வால்வைத் திறப்பார்.

அவசரக்காரர் என்ன செய்வார் தெரியுமா? வால்வைக் கொஞ்சம் திறந்து, மறுபக்க நட்டைத் தளர்த்தி, 'உஸ்' என்று இரண்டு நொடி கேஸை வெளியே விடுவார். காற்று போய்விட்டது என்பார். ஈரம் போவதில்லை. ஆர்-32 தீப்பற்றக்கூடிய தன்மையும் உள்ள கேஸ். அதை அப்படிப் பீய்ச்சி விடுவது பாதுகாப்பும் இல்லை, பூமிக்கு நல்லதும் இல்லை. முப்பது நிமிட வேலையை இரண்டு நொடியில் முடிப்பதால்தான் அவரால் ஒரே நாளில் ஐந்தாறு வீடு ஏறி இறங்க முடிகிறது. விலையும் அதனால்தான் குறைகிறது.

இங்கே அந்த "இலவசப் பொருத்துதல்" பற்றியும் சொல்லிவிடலாம். கடை ஏமாற்றுகிறது என்று நான் சொல்லவில்லை. ஆனால் இலவசம் என்பது பெரும்பாலும் கூலியை மட்டும் குறிக்கும். பெட்டியோடு வரும் குழாய் வழக்கமாக 3 மீட்டர் அளவில்தான் இருக்கும். அதற்கு மேல் ஒவ்வொரு மீட்டருக்கும் தனி விலை. ஸ்டாண்டு, சுவரைத் துளைப்பது, தண்ணீர் வடியும் பைப், வயர், ஸ்டெபிலைசர் எல்லாம் தனி. உங்கள் வீட்டில் வெளிப்பெட்டி வடகிழக்கே போகப்போகிறது என்பதால் குழாய் நிச்சயம் நீளும். அந்தச் செலவையெல்லாம் சேர்த்தால் மூன்றாமவருக்கும் கடைக்கும் உள்ள வித்தியாசம் எவ்வளவு என்று மறுபடி கூட்டிப் பாருங்கள். 18,000 ரூபாய் இருக்காது என்பது என் கணிப்பு. குழாய் நீளும்போது இயந்திரத்தின் கையேட்டில் சொன்னபடி மீட்டருக்கு இத்தனை கிராம் என்று கேஸ் கூட்ட வேண்டியிருக்கும். அதைத் தராசில் நிறுத்துத்தான் ஏற்ற வேண்டும். கண்மதிப்பில் ஏற்றக் கூடாது. செம்புக் குழாயின் சுவர்த் தடிமன் 0.8 மில்லிமீட்டர் என்று எழுதி வாங்குங்கள். மெல்லிய குழாயும் பார்வைக்கு அதே மாதிரிதான் இருக்கும்.

கடையில் ஏ.சி. வாங்கி மூன்றாமவரை வைத்துப் பொருத்தலாமே என்று தோன்றும். செய்யலாம். ஆனால் சில நிறுவனங்கள் தங்கள் அங்கீகாரம் பெற்றவர் பொருத்தினால்தான் உத்தரவாதம் செல்லும் என்று நிபந்தனை வைத்திருக்கின்றன. வாங்கும் முன் கடையில் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

சூடான காற்றும் தரும் மாடல் உங்களுக்கு வேண்டவே வேண்டாம். மாறாமலையில் கிராம்புத் தோட்டத்து வீடு என்றால் யோசிக்கலாம். மணவாளக்குறிச்சியில் எந்த மாதத்திலும் அறையைச் சூடாக்கத் தேவை வராது. மழைக்காலப் புழுக்கத்துக்கு, ஏறக்குறைய எல்லா ஏ.சி.யிலும் உள்ள ஈரம் நீக்கும் முறை போதும். ரிமோட்டில் ஒரு சொட்டு நீர்ப் படம் போட்டிருக்கும். மின்சாரச் சிக்கனத்தைக் காட்டும் நட்சத்திரக் குறியீட்டைப் பொறுத்தவரை, இரவு முழுதும் ஓடும் மாமியார் அறைக்கு 5 நட்சத்திரம், விருந்தினர் வந்தால் மட்டும் திறக்கும் அறைக்கு 3 நட்சத்திரம் போதும். 24 டிகிரிக்குக் கீழே இறக்காமல் மின்விசிறியையும் சேர்த்து ஓட்டுங்கள். நம் மின்கட்டணத்தில் இரண்டு மாதக் கணக்கு 500 யூனிட்டைத் தாண்டினால் கீழே உள்ள யூனிட்டுகளின் விலையும் சேர்ந்து ஏறுகிறது, மறந்துவிடாதீர்கள்.

மாமியாருக்கான சுடுநீர். இதை ஏ.சி. ஆளிடம் கொடுக்க வேண்டியதில்லை, பிளம்பரும் எலக்ட்ரீஷியனும் போதும். நம் ஊர்க் குழாய்த் தண்ணீர் ஏற்கெனவே வெதுவெதுப்பாகத்தான் வருகிறது. 15 லிட்டர் மின்சார ஹீட்டர் தொட்டியில் 60 டிகிரிக்குச் சூடான தண்ணீரைக் குழாய்த் தண்ணீரோடு கலந்தால் ஒருவர் குளிக்க இரண்டு பக்கெட் இளஞ்சூட்டுத் தண்ணீர் தாராளமாகக் கிடைக்கும். ஐ.எஸ்.ஐ. முத்திரையும் உள்ளே கண்ணாடிப் பூச்சும் உள்ளதாக வாங்குங்கள். தொட்டிக்குள் ஒரு மக்னீசியக் கம்பி இருக்கும். தொட்டிக்குப் பதிலாகத் தன்னை அரிக்கக் கொடுத்துக்கொள்வதே அதன் வேலை. உங்கள் தண்ணீருக்கு அது சீக்கிரம் கரையும், இரண்டு வருடத்துக்கு ஒரு தடவையாவது திறந்து பார்க்கச் சொல்லுங்கள். அழுத்தம் கூடினால் திறக்கும் பாதுகாப்பு வால்வில் தண்ணீர் சொட்டுகிறது என்று யாராவது அதை அடைக்க வந்தால் விடாதீர்கள். சோலார் வைக்கும் ஆசை இருந்தால் உப்பும் சுண்ணாம்பும் உள்ள தண்ணீருக்குக் கண்ணாடிக் குழாய் வகையே ஏற்றது. மேகம் மூடிய ஆடி, ஐப்பசி நாட்களில் அதற்கும் மின்சாரத் துணை தேவைப்படும். மூடிய குளியலறைக்குள் கேஸ் ஹீட்டர் மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் வேண்டாம். அதில் வரும் கார்பன் மோனாக்சைடு வாசனையே இல்லாமல் உயிரை எடுத்துவிடும்.

உங்கள் குடும்ப எலக்ட்ரீஷியனை வருத்தப்படுத்த வேண்டாம். வயரிங் வேலையை அவரிடமே கொடுங்கள், அது அவருடைய தொழில். ஒவ்வொரு ஏ.சி.க்கும் மீட்டர் பலகையில் இருந்து தனி வயர், 4 சதுர மில்லிமீட்டர், தனி எம்.சி.பி. (சுமை மிஞ்சினால் தானாகத் துண்டிக்கும் சுவிட்ச்). சுடுநீர்த் தொட்டிக்கும் தனி இணைப்பு. நல்ல எர்த், மின்கசிவு வந்தால் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் சாதனம். மின்வாரியத்தில் இணைப்புக்கு விண்ணப்பிக்கும்போதே இந்த மொத்தச் சுமையையும் காட்டிவிட்டால் பிறகு அலைய வேண்டாம். வெளிப்பெட்டிக்குள் வயர் நுழையும் ஓட்டையை அடைக்கவும் சொல்லுங்கள். அந்த வழியாகப் பல்லி புகுந்து மின்பலகையில் செத்துக் கிடப்பதை நான் எத்தனை வீடுகளில் பார்த்திருக்கிறேன்! ஒரு பல்லியால் பல ஆயிரம் ரூபாய் பலகை கருகிவிடும்.

பில் விஷயத்துக்கு வருகிறேன். மூன்றாமவர் நல்ல தொழிலாளியாக இருக்கலாம், வரியை மிச்சப்படுத்தித் தருவதாக நல்லெண்ணத்திலேயே சொல்லியிருக்கலாம். ஆனாலும் பில் இல்லை என்றால் உங்களிடம் உத்தரவாதம் இல்லை, தகராறு வந்தால் காட்ட ஆதாரமும் இல்லை. 2025 செப்டம்பர் 22 முதல் ஏ.சி.க்கான ஜி.எஸ்.டி. 28 சதவீதத்தில் இருந்து 18 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. பழைய விகிதத்தில் விலைப்பட்டியல் போட்டிருந்தால் மாற்றச் சொல்லுங்கள். பில்லோடு வாங்கியிருந்தால், ஏதாவது தவறினால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முறையிடலாம். அதிலும் தீராவிட்டால் நாகர்கோவிலில் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. அவர் பில் தர மறுத்தால், அதே வேலை நுணுக்கம் தெரிந்த வேறொருவரைத் தேடுவதே நல்லது. வளைகுடாவில் ஏ.சி. வேலை பார்த்துத் திரும்பியவர்களும் ஐ.டி.ஐ.யில் குளிர்பதனம் படித்தவர்களும் நம் மாவட்டத்தில் நிறையவே இருக்கிறார்கள். யாரைத் தேர்ந்தெடுத்தாலும், அவர் மூன்று நான்கு வருடத்துக்கு முன் கடலோரத்தில் பொருத்திய வீடு ஒன்றைக் காட்டச் சொல்லி, போய்ப் பாருங்கள். போன மாதம் பொருத்திய வீட்டைப் பார்த்து ஒன்றும் தெரியாது. ஸ்டாண்டில் துரு வழிந்த கோடு சுவரில் இருக்கிறதா, குழாயைச் சுற்றிய கறுப்புப் பஞ்சு வெயிலில் பிய்ந்து தொங்குகிறதா என்பதை அந்த வீட்டுச் சுவரே காட்டிவிடும்.

முன்பணமாக மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கொடுக்க வேண்டாம். மீதியில் ஒரு பகுதியை ஏ.சி. ஒரு வாரம் ஓடிய பிறகு கொடுப்பதாகப் பேசிக்கொள்ளுங்கள். பொருத்திய அன்று, இயந்திரம் அரை மணி நேரம் ஓடிய பின், உள்ளே இழுக்கும் காற்றுக்கும் வெளியே விடும் காற்றுக்கும் எத்தனை டிகிரி வித்தியாசம் என்று தெர்மாமீட்டர் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். எட்டு முதல் பன்னிரண்டு டிகிரி இருந்தால் நல்லது. உள்பெட்டியில் ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றி, அது வடிகால் வழியே தங்காமல் வெளியே போகிறதா என்றும் பாருங்கள். நம் ஈரத்தில் ஒரு 1.5 டன் ஏ.சி. மணிக்கு ஒரு லிட்டருக்கு மேல் தண்ணீர் வடிக்கும்; பைப் சரிவாக இல்லை என்றால் அந்தத் தண்ணீர் உங்கள் புதுச் சுவரில்தான் இறங்கும்.

இன்னொன்று, என் மனதை எப்போதும் உறுத்துவது. மாடி வெளிச்சுவரில் பெட்டி மாட்ட, இருபது வயதுப் பையனைச் சன்ஷேடில் ஏற்றி, இடுப்பில் ஒரு பெல்ட்டும் இல்லாமல் நிறுத்தும் ஒப்பந்தக்காரர்கள் இருக்கிறார்கள். ஒகி புயல் 2017-இல் வந்துபோன பிறகு ஆடிக்கொண்டிருந்த பெட்டிகளைக் கழற்றக்கூட அப்படியே ஏற்றினார்கள். பாதுகாப்புப் பெல்ட் இல்லாமல் உங்கள் வீட்டில் யாரும் ஏறக் கூடாது என்று முன்பே சொல்லிவிடுங்கள். அதற்கு முகம் சுளிக்கிறவர் எவ்வளவு குறைத்துக் கேட்டாலும் வேண்டாம்.

உட்பூச்சு தொடங்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். நல்ல நேரத்தில் கேட்டிருக்கிறீர்கள். இந்த வாரமே ஒரு நாள் மூன்றாமவரையும் கொத்தனாரையும் எலக்ட்ரீஷியனையும் ஒன்றாக வரச் சொல்லுங்கள். உள்பெட்டி எந்தச் சுவரில் என்பதைச் சாக்பீஸால் கோடு போட்டுக் காட்டட்டும். மாமியாரின் அறையில் காற்று நேராகக் கட்டிலில் விழக் கூடாது, மூட்டுவலிக்கு ஆகாது. கட்டில் எங்கே போடப்போகிறீர்கள் என்று அவரிடமே கேட்டுவிட்டுக் கோடு போடுங்கள். குழாயும் தண்ணீர் பைப்பும் போகும் ஓட்டையை வெளிப்பக்கம் கொஞ்சம் தாழ்வாக இருக்கும்படி இப்போதே விட்டுவைக்கச் சொல்லுங்கள். பூச்சுக்குப் பிறகு உடைத்தால் அந்த ஓட்டை வழியே ஆடிச் சாரல் உள்ளே வரும். செம்புக் குழாயைச் சுவருக்குள் புதைப்பதாக இருந்தால், புதைக்கும் முன் நைட்ரஜன் அழுத்தம் ஏற்றி ஒரு இரவு முழுதும் வைத்து, காலையில் முள் அதே இடத்தில் நிற்கிறதா என்று நீங்களே பார்த்த பிறகுதான் கொத்தனார் கலவை பூச வேண்டும்.